கேட்டுவிட்டுக் காத்திருப்பவர்

எங்கள் அபார்ட்மெண்ட் வாசலுக்கு வருகிற கீரைக்காரம்மாவிடம் எப்போது கேட்டாலும் கீரை அன்று காலையில் பறித்ததாகத்தான் இருக்கும். துவண்டு கிடந்தாலும் அப்படித்தான். நாங்களும் கேட்போம், அவரும் சொல்வார், வாங்கிக்கொண்டு போவோம். மாடி வீட்டுக்கு டாக்டரம்மா குடிவந்த புதிதில் அவரும் அதையே கேட்டார்.

“இன்னைக்குப் பறிச்சதாங்க?”

“காலையில பறிச்சதும்மா. ஈரம் பாருங்க.”

டாக்டரம்மா ஈரத்தைப் பார்க்கவில்லை. கீரைக்காரம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். முறைப்பு இல்லை, சந்தேகமும் இல்லை. பேச்சு இன்னும் முடியவில்லை, மிச்சத்தையும் சொல்லுங்கள் என்பது போல நின்றார். கீரைக்காரம்மா கீரைக்கட்டை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். கூடையை நகர்த்தி வைத்தார்.

“நேத்து சாயந்திரம் பறிச்சதும்மா. தண்ணி தெளிச்சு வெச்சிருந்தேன்.”

“சரி, ரெண்டு கட்டு குடுங்க” என்றார் டாக்டரம்மா.

உண்மை வந்ததைவிட, வந்த பிறகு அவர் சாதாரணமாக இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு போனதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவருக்குக் கீரை வேண்டும். பதிலும் வேண்டும். வேறொன்றும் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் எங்கள் வீடு. கீழ்த்தளத்தில் முன்னறையில் மெஷினைப் போட்டு பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன், இப்போதும் தைக்கிறேன். டாக்டரம்மா மயக்க மருந்து டாக்டர். ஒரே ஆஸ்பத்திரியில் வேலை என்று கிடையாது. எந்த நர்சிங் ஹோமில் ஆபரேஷன் இருக்கிறதோ அங்கே போவார். காலையில் சின்னக் காரை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டினால் தில்லைநகர், தென்னூர், உறையூர் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

என்னிடம் முதலில் வந்தது பிளவுஸுக்காகத்தான். “கையை மேல ஏத்தினா பிடிக்கக் கூடாது. பின்னாடி கொஞ்சம் ஏற வைங்க. நான் குனிஞ்சே நிக்குற ஆளு” என்றார். அளவெடுக்கும்போது பார்த்தேன், கழுத்து லேசாக முன்னால் வளைந்திருந்தது. படுத்திருப்பவர்களின் தலைமாட்டில் நின்று நின்று வந்த வளைவு.

ஊக்கு தைக்கிறவரைக்கும் இருந்து வாங்கிக்கொண்டு போகிற பழக்கம் அவருக்கு. அந்த நேரத்தில் வேறு யாராவது துணி கொடுக்க வந்தால் தொலைந்தது. ஒருமுறை பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் பிளவுஸைப் பிரித்துத் தளர்த்த வந்தாள். டாக்டரம்மா மரியாதைக்குத்தான் கேட்டார்.

“நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன் மேடம்.”

எல்லோரும் சொல்கிற பதில். எல்லோரும் அதோடு விட்டுவிடுவோம். இவர் விடவில்லை. தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு பார்த்தார். அந்தப் பெண் பையின் காதைத் திருகினாள். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்புறம் அழ ஆரம்பித்துவிட்டாள். மாமியார் படுக்கையில் விழுந்ததிலிருந்து தூக்கம் இல்லை என்றாள். எனக்கு வாயில் குண்டூசி. ஆறுதல்கூடச் சொல்ல முடியவில்லை. டாக்டரம்மா, “அவசரமில்லை, சொல்லுங்க” என்றார். அது அவருடைய வார்த்தை. எதற்கும் அதைத்தான் சொல்வார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனபோது முகம் தெளிந்துதான் இருந்தது. ஆனால் அடுத்த முறை போன் செய்துவிட்டு வந்தாள். “அக்கா, அந்த டாக்டரம்மா இருந்தா நான் நாளைக்கு வரேன்.” அவளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். லிஃப்டில் அவர் நின்றால் படியேறிப் போனவர்கள் எங்கள் கட்டடத்தில் உண்டு. அவருடைய கணவர் சென்னையில் ஒரு பாங்கில் இருந்தார், சனிக்கிழமைகளில் வருவார். அமைதியான மனிதர். ஒருநாள் மனைவியின் துணியை வாங்க வந்தவர், “எங்க வீட்டுல நான் பொய் சொல்றதை விட்டு ரொம்ப வருஷம் ஆச்சுங்க. வேலைக்கு ஆகலை” என்று சொல்லிச் சிரித்தார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். மறைக்காமல் சொன்னார்.

“ஆபரேஷனுக்கு முன்னாடி பேஷண்டை நான் பார்க்கணும். என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேட்கணும். சர்க்கரை மாத்திரையைச் சொல்லிடுவாங்க, பிரஷர் மாத்திரையைச் சொல்லிடுவாங்க. வலி மாத்திரையை மட்டும் சொல்லவே மாட்டாங்க.”

“மறைப்பாங்களா?”

“மறைக்கிறதில்லை. அதை அவங்க மாத்திரைன்னே நினைக்கிறதில்லை. டீ குடிக்கிற மாதிரி. மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லுல மூட்டை தூக்குறவர் ஒருத்தர் வந்தார். எந்த மருந்தும் தொட்டதில்லைன்னு சத்தியம் பண்ணாரு. சரி, உடம்புல எங்க வலிக்கும்னு கேட்டேன். பிடிச்சுக்கிட்டாரு. கழுத்துல ஆரம்பிச்சு குதிகால் வரைக்கும் வந்தாரு. கடைசியில அதுக்கு என்ன பண்ணுவீங்கன்னா, இடுப்பு மடிப்புல இருந்தே மாத்திரையை எடுத்துக் காட்டுறாரு. அன்னையிலேருந்து நான் மாத்திரையைக் கேக்குறதை விட்டுட்டேன். எங்க வலிக்கும்னு கேப்பேன். கேட்டுட்டு இருப்பேன்.”

இதை ஒரு கதை போலத்தான் அன்று கேட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டுக்குள்ளேயே அந்தக் கேள்வி வரும் என்று நினைக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழை மண்டி. முதலில் அதே மண்டியில் தார் இறக்கிப் போடுகிற வேலைதான் பார்த்தார். பிறகு பங்குக்கு வந்து, பிறகு சொந்தமாக எடுத்தார். முதலாளி ஆன பிறகும் லாரி வந்தால் கை சும்மா இருக்காது. தொட்டியத்திலிருந்து தார் வந்து இறங்கும்போது ஆள் குறைந்தால் இவரே தோளைக் கொடுப்பார். பேச்சு குறைவு. ஏலத்தில் வாயைத் திறக்காமல் நின்றே எதிராளியைத் தவிக்க வைப்பார் என்று மண்டியில் சொல்வார்கள். வீட்டிலும் ஏறக்குறைய அதேதான்.

ஒருநாள் வயிற்று வலி என்று சுருண்டு படுத்தார். ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கல். பித்தப்பையை எடுத்துவிட வேண்டும் என்றார் சர்ஜன். எந்த மயக்க டாக்டர் என்று விசாரித்தால் எங்கள் மாடி டாக்டரம்மா. எனக்கு நிம்மதி. இவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. “அந்தம்மா ஆளைப் பார்த்தா எதையோ தேடுற மாதிரியே இருக்கும்” என்றார்.

டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லாமல் அவரே இறங்கி வந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இவர் கட்டிலில் உட்கார்ந்திருந்த நேரம். நான் மெஷினில் இருந்தேன். ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் பார்த்தார், பல்லைக் காட்டச் சொன்னார், கழுத்தைத் திருப்பச் சொன்னார்.

“மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா சார்?”

இவரை யாரும் சார் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. “ஒண்ணும் கிடையாதுங்க” என்றார்.

டாக்டரம்மா காத்திருந்தார். இவரும் காத்திருந்தார். ஏலத்தில் நிற்பது போலவே முகத்தை வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. எனக்கு மெஷினை ஓட்டவே கூச்சமாக இருந்தது. அவர் கேட்டு, பதில் வராமல் போனதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். கடைசியில் டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

“சரி, எங்க வலிக்கும் சார் உங்களுக்கு?”

“வயிறுதான். இப்ப இல்லை.”

“அதுக்கு முன்னாடி?”

இவர் பார்வையை ஜன்னலிலிருந்து எடுத்தார். பிறகு இடது கையால் வலது தோளைத் தொட்டார். “இங்க” என்றார்.

அதற்குப் பிறகு இவர் பேசியது மாதிரி இவர் பேசி நான் கேட்டதில்லை. தோள் எலும்புக்குள் ஆணி இறங்குகிற மாதிரி இருக்கும் என்றார். அங்கிருந்து கழுத்துக்கு ஏறும், முழங்கைக்கு இறங்கும். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்து வருஷக்கணக்கு ஆகிறது. குளிர் காலத்தில் சட்டையில் கையை நுழைக்க முடியாமல் மண்டியில் பையனை விட்டு மாட்டச் சொல்லியிருக்கிறார். வீட்டில் நான் பார்க்கிறபோது எப்படி மாட்டினார் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்த மனிதர் எந்தப் பக்கம் ஒருக்களிக்கிறார் என்று எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. மெஷின் சக்கரத்தில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

“இந்த வலியோட எப்படி சார் தார் தூக்குவீங்க?”

“அதுக்குத்தான் மாத்திரை இருக்கே” என்றார் இவர், இது என்ன கேள்வி என்பது போல.

காலையில் கடை திறக்கும்போது, லாரி வந்தால் அதற்கு முன்னால், படுக்கப் போகும்போது. மார்க்கெட்டுக்குள் இருக்கிற மருந்துக் கடையில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பார்களாம். எத்தனை வருஷமாக என்று டாக்டரம்மா கேட்டார். எங்கள் பெண் ஸ்கூலில் சேர்ந்த வருஷம் ஆரம்பித்ததாக இவர் சொன்னார். அவள் இப்போது கல்யாணமாகிக் குழந்தையோடு இருக்கிறாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு எங்கள் இருவருக்கும் புரிகிற மாதிரி சொன்னார். “ஆபரேஷன்ல தூங்க வைக்க மட்டும் மருந்து இல்லை. உடம்பு தசையெல்லாம் தளர்றதுக்குத் தனியா ஒரு மருந்து உண்டு. அது போட்டா கை கால் மட்டும் இல்லை, மூச்சு விடுற தசையும் நின்னுரும். அந்த நேரத்துக்கு மிஷின்தான் மூச்சு விடும். வேலை முடிஞ்சதும் அந்த மருந்து உடம்பை விட்டுப் போகணும். அதை அனுப்புறதுல கிட்னிக்கும் பங்கு உண்டு. வலி மாத்திரையை வருஷக்கணக்காப் போட்டா கிட்னி களைச்சுப் போகும். அப்ப அந்த மருந்து கிளம்பாம உள்ளயே உட்கார்ந்துக்கும். ஆள் முழிச்சுட்ட மாதிரி இருக்கும். தசை முழிச்சிருக்காது.”

“அப்ப மூச்சு?” என்றேன்.

“அதுக்குத்தான் முன்னாடியே தெரியணும்.”

கிட்னிக்கென்று மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கெட்டுப்போகவில்லை, ஆனால் சரியாகவும் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுச் சில வாரம் கழித்து ஆபரேஷன் வைக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதை சர்ஜனும் ஒப்புக்கொண்டார். அந்த நாட்களில்தான் மாத்திரை இல்லாத மனிதரை நான் பார்த்தேன். தட்டிலிருந்து கை வாய்க்கு வருவதற்குள் முகம் மாறும். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி இவர் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதலில் வேண்டாம் என்றார். அப்புறம் அவரே முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

சொன்ன நாள்வரை கல் காத்திருக்கவில்லை. ஒரு காலை காய்ச்சலோடு வலி வந்து, கண் மஞ்சளாகத் தெரிந்தது. இனிமேல் தள்ள முடியாது என்று அன்றைக்கே ஆபரேஷன் என்றார்கள். உள்ளே கொண்டுபோகும்போது டாக்டரம்மா என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். 

சர்ஜன் வெளியே வந்து, “நல்லா முடிஞ்சுதும்மா. இனி முழிக்க வேண்டியதுதான்” என்றார். நான் சமயபுரத்தாளைக் கும்பிட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். முழித்தார் என்று யாரும் வந்து சொல்லவில்லை. அடுத்த ஆளை உள்ளே கொண்டுபோக வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் பெண் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்; எங்கே வருகிறாய் என்று மட்டும் போனில் கேட்டுவிட்டு வைத்தேன். அப்புறம் நர்ஸ் வந்து, “டாக்டரம்மா உங்களைக் கூப்பிடுறாங்க” என்றார். பெஞ்சிலிருந்து கையைப் பிடித்து எழுப்பினார்.

பச்சை அங்கியை மாட்டி உள்ளே அனுப்பினார்கள். இவர் மல்லாந்து கிடந்தார். வாயில் குழாய். மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது மிஷினின் மூச்சு என்று எனக்குத் தெரியும். தலைமாட்டில் டாக்டரம்மா.

“பயப்படாதீங்க. நேரமாகுது, அவ்வளவுதான். வெளிய உட்கார்ந்து தப்பா நினைச்சுக்கக் கூடாதுன்னுதான் கூப்பிட்டேன்” என்றார்.

“அந்த மாத்திரையாலயா?”

“இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. கிட்னியை அதிகம் நம்பாத மருந்தாப் பார்த்துத்தான் குடுத்தேன், அளவையும் குறைச்சேன். அப்படியும் அவர் தசை மெதுவாத்தான் வருது. காய்ச்சலா இருக்கலாம், உடம்பு வாகா இருக்கலாம். எனக்குத் தெரியலை.”

தெரியவில்லை என்று ஒரு டாக்டர் சொல்லி எனக்குப் பயம் குறைந்தது அங்கேதான்.

அவர் குனிந்து இவருடைய காதருகில் பேசினார். “சார், தலையைத் தூக்குங்க பார்ப்போம்.” நிமிராமல், கீரைக்காரம்மாவைப் பார்த்த அதே முகத்தோடு இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் புருவம் மட்டும் கொஞ்சம் சுருங்கியது. தலை அசையவில்லை. “சரி சார். அவசரமில்லை. மூச்சு நான் பார்த்துக்குறேன். நீங்க தூங்குங்க” என்று சொல்லி, கையில் செருகியிருந்த ஊசி வழியாக ஏதோ மருந்தை மெல்ல ஏற்றினார். அவருடைய போன் அடித்தபடி இருந்தது. வேறு ஒரு நர்சிங் ஹோமில் அவருக்காக ஒருவரைப் படுக்க வைத்திருந்தார்கள். நர்ஸ் எடுத்து அவர் காதில் வைத்தபோது, “இன்னைக்கு வேற யாரையாச்சும் கூப்பிட்டுக்குங்க” என்றார். கோபித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, “கோச்சுக்கிட்டா பரவாயில்லை” என்று சொல்லி முடித்துவிட்டார்.

நான் வெளியே வந்து உட்கார்ந்தேன். என் பெண் வந்து சேர்ந்தாள். டாக்டரம்மா எத்தனை முறை குனிந்து கேட்டாரோ தெரியாது. கடைசியாகக் கேட்டபோது இவர் தலையைத் தூக்கி, அவர் போதும் என்று சொல்கிறவரை தூக்கியபடியே வைத்திருந்தாராம். “கையைப் பிடிங்க சார்” என்றதற்கு, தார் பிடிக்கிற கையால் பிடித்திருக்கிறார். “போதும் சார், போதும், எனக்கு இந்தக் கை வேணும்” என்று டாக்டரம்மா விரல்களை உதறிக்கொண்டே குழாயை எடுத்ததாக நர்ஸ் வந்து சிரித்தபடி சொன்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மறுநாள் இவர் கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னார். “யாரோ கூப்பிட்டாங்க. அந்தம்மாதான்னு தெரிஞ்சுது. தலையைத் தூக்கச் சொன்னாங்க. தூக்கிட்டேன்னு நினைச்சேன், தூக்கலை போலிருக்கு.” கிண்ணத்தைக் கீழே வைத்தார். “அவசரமில்லைன்னாங்க. மார்க்கெட்டுக்குப் போன நாள்லேருந்து யாரும் என்கிட்ட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.”

உடம்பு தேறியது. கிட்னிக்கு மறுபடி மறுபடி பார்த்தார்கள். மேலே கெடாமல் நின்றது. தோளுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு இடத்துக்கு டாக்டரம்மாதான் அனுப்பினார். இவர் தார் தூக்குவதை விட்டுவிட்டார். மண்டியில் யாராவது மாத்திரையைப் பிரித்தால், “எங்கடா வலிக்குது உனக்கு?” என்று கேட்கிறாராம். அவர்கள் சொல்கிறவரை இவருக்குப் பொறுமை கிடையாது. இவரே தோளா, இடுப்பா என்று அடுக்க ஆரம்பித்துவிடுவார் என்று மண்டி ஆட்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இரண்டு வருஷம் கழித்து டாக்டரம்மா சென்னைக்குக் கணவரோடு போய் இருக்க முடிவு செய்தார். வீட்டைக் காலி செய்த வாரம், தைக்கக் கொடுத்திருந்ததை வாங்க வந்தார். இவர் ஏலக்கி வாழைப்பழம் ஒரு சீப்பைத் தாளில் சுற்றி வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் ஊக்கு தைத்து முடித்து, எழுந்து துணியைக் கொடுத்தேன். டாக்டரம்மா அதை வாங்காமல் என்னையே பார்த்தார்.

“இத்தனை வருஷத்துல உங்களை நான் கேட்கவே இல்லை. உங்களுக்கு எங்க வலிக்கும்?”

“எனக்கா? ஒண்ணுமில்லைங்க. உட்கார்ந்த இடத்துல வேலை” என்றேன்.

அவர் நின்றுகொண்டிருந்தார். அந்த நிற்பு இப்போது என் பக்கம் திரும்பியிருந்தது. எனக்குத் துணியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“இடுப்பு” என்றார் இவர் கட்டிலிலிருந்து. “மெஷினை விட்டு எழுந்திருக்கும்போது விளிம்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்திருப்பா. மழை நாள்ல வலது கால் மரத்துப் போகும், உதறிக்கிட்டே நடப்பா. கேட்டா ஒண்ணுமில்லைம்பா.”

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பழத்தைச் சுற்றிய தாளைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

டாக்டரம்மா ஸ்டூலை என் பக்கம் நகர்த்திவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். சாமான் ஏற்றுகிற ஆட்கள் மாடியிலிருந்து கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை. நான் துணியை மெஷின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இடுப்பிலிருந்து ஆரம்பித்தேன்.